ஆத்தாவின் வயிற்றைக் கெடுப்பது எந்த மாத்திரை?

தம்பி, முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தாவின் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு ஊசிக்கு மாறினால் வயிறு சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தொல்லையில் பாதி, மருந்து உள்ளே போகும் விதத்தால் வருவது. நான் டாக்டர் இல்லை, காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். சர்க்கரை மாத்திரையோடு பேதி நிற்கும் மாத்திரையையும் சேர்த்து வாங்கிப் போகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது இது. தேவகோட்டையில் தனியாக இருக்கும் ஆத்தாவுக்கு 62 வயது. தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்தது மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை: க்ளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2 மி.கி., காலையும் இரவும். பங்குனியிலிருந்து வீட்டுக்கே வந்து கொடுக்கும் அரசு மாத்திரையும் உண்டு, மெட்ஃபார்மின் 500, அதுவும் காலையும் இரவும். காலை ஆறு மணிக்குக் காப்பியோடு மாத்திரை. கோயிலுக்குப் போய் வந்து ஒன்பது மணிக்குத்தான் பலகாரம். நாலு மாதமாகக் காலையில் மூன்று நாலு தடவை வெளியே போகிறது, சாயங்காலம் வயிறு உப்பி வாயு பிரிகிறது. கல்யாண வீடு, முன்னோருக்குப் படைப்பு, வெளியூர் என்றால் நாலைந்து நாள் மாத்திரையைத் தொடுவதே இல்லை. ஆவணியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம் வேறு இருக்கிறது. மாத்திரைக்குப் பதில் வாரம் ஒரு ஊசிக்கு மாற்றலாமா என்றும் கேட்கிறீர்கள்.

இதில் கண்ணில் பட்ட முதல் விஷயம், மெட்ஃபார்மின் இரண்டு வழியில் வருகிறது என்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். வெயிலில் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத வயசாளிகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் தனியார் டாக்டரின் அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் எறும்பு எழுத்தில் இருக்கும். இது வேறு மாத்திரை, அது வேறு மாத்திரை என்று ஆத்தா இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 1000 மி.கி. ஆக இருந்தது பங்குனியில் ஒரே தாவலில் 2000 ஆகிவிட்டது. 2000 என்பது கொடுக்கக்கூடிய அளவுதான். ஆனால் அங்கே போவதற்கு வாரம் ஒரு 500 என்று மெதுவாகப் படியேற வேண்டும். தொல்லை ஆரம்பித்ததும் பங்குனியில்தான் என்கிறீர்கள். வேறு எங்கும் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இரண்டு டாக்டர்களும் தெரிந்தே அப்படி முடிவு செய்திருந்தால் சரி. பெரும்பாலும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், பி.பி., கொழுப்பு மாத்திரைகள் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டச் சொல்லுங்கள். சீட்டைக் காட்டுவதைவிட அது பயன்தரும்.

மெட்ஃபார்மின் ஏன் வயிற்றைப் பிடிக்கிறது? ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அந்த மருந்து குடல் சுவரில் சேர்ந்து நிற்கிறது. பித்தநீர் குடலில் திரும்ப உறிஞ்சப்படுவதையும் அது குறைக்கிறது. மிஞ்சிய பித்தநீர் பெருங்குடலுக்குள் போய் மலத்தை இளக்கிவிடுகிறது. குமட்டல், வயிற்று இரைச்சல், நாக்கில் இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி, எல்லாம் இதன் கணக்கில் வரும். போடுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு தொல்லை வருகிறது. அறவே ஒத்துக்கொள்ளாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். மற்றவர்களுக்கு அளவும் நேரமும் சரியாக இருந்தால் சில வாரங்களில் குடல் பழகிவிடும்.

ஆத்தாவின் குடல் பழகாததற்குக் காரணம் அந்த நாலைந்து நாள் விடுமுறை. பழகிவரும்போது நிறுத்துகிறார்கள். திரும்பத் தொடங்கும்போது முழு அளவில் தொடங்குகிறார்கள். வயிறு மறுபடி முதல் நாளுக்குப் போய்விடுகிறது. இதோடு இன்னொரு வம்பும் உண்டு. விட்ட நாட்களைப் பற்றி டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. சோதனையில் சர்க்கரை கூடுதலாகத் தெரிகிறது. மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டுகிறார். பேதியும் கூடுகிறது. ஆத்தா இன்னும் அதிக நாள் விடுகிறார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் இந்தச் சுழலில் சிக்காத குடும்பம் குறைவு. டாக்டர் திட்டுவார் என்ற பயம்தான் காரணம். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் மெட்ஃபார்மினை விட்டுத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். 1998-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், எடை கூடிய சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த மருந்து மாரடைப்பையும் நோயால் வரும் சாவையும் குறைத்தது தெரியவந்தது. விலையும் மிகக் குறைவு, தனியாகப் போட்டால் சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இழுப்பதும் அரிது. அதனால்தான் டாக்டர்கள் எளிதில் கைவிடுவதில்லை. "இங்கிலீஷ் மருந்து, சூடு" என்று சொல்லும் பெரியவர்களுக்கு நான் இன்னொன்றும் சொல்வதுண்டு: இதன் தொடக்கம் ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடி. அதிலிருந்த ஒரு பொருளின் வழியைப் பிடித்துத்தான் இந்த மருந்துக்கு வந்தார்கள். 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். செடியிலிருந்து வந்தது என்று கேட்டதும் சிலருக்கு வயிறே பாதி சரியாகிவிடுகிறது!

இப்போது நேரத்துக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் காப்பியோடு போடுவது இரண்டு விதத்தில் தப்பு. மெட்ஃபார்மின் சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்ட உடனேயோ போக வேண்டும், அப்போதுதான் குடலில் மெதுவாக இறங்கும். காப்பி வேறு தானே குடலைக் கிளப்பிவிடும். வயிற்றைவிடப் பெரிய கவலை க்ளிமிபிரைடு. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மருந்து. ஆறு மணிக்கு அதைப் போட்டுவிட்டு ஒன்பது மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் பிரகாரம் சுற்றினால் சர்க்கரை சடாரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுவது என்று ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். "கோயிலில் லேசாகத் தள்ளாடியது, பசி மயக்கம்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். மாத்திரையை ஒன்பது மணிப் பலகாரத்தோடு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது மாத்திரையின் வகை. சாதா மெட்ஃபார்மின் ஒன்று, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். இன்னொன்று. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையில் பெரும்பாலும் எஸ்.ஆர்.தான் இருக்கும், அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வரும் 500-ல் அந்த எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதா மாத்திரையில் பேதியானவர்கள் பலருக்கு எஸ்.ஆர்.க்கு மாறினதும் அடங்கிவிடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டோடு போடுவது வழக்கம். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, உடைத்தால் மெதுவாகக் கரையும் ஏற்பாடே போய்விடும். 1000 பெரிதாக இருந்து தொண்டையில் சிக்கினால் 500 இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். சில பிராண்டுகளில் மாத்திரையின் கூடு மட்டும் முழுசாக மலத்தில் வரும். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, அது வெறும் கூடு. இதைப் பார்த்து மாத்திரை செரிக்கவே இல்லை என்று பயந்து இன்னொன்று போட்டவர்களும் உண்டு.

சாயங்கால உப்புசத்துக்குக் குற்றவாளி வேறு. அது வோக்ளிபோஸ். மாவுச்சத்தைச் சிறுகுடலில் உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. உடையாத மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே உள்ள கிருமிகளுக்கு விருந்தாகிறது, அவை தின்று வாயுவாக விடுகின்றன. மருந்து வேலை செய்வதன் அடையாளமே அந்த வாயு என்று சொல்லலாம். அதனால் எவ்வளவு மாவு உள்ளே போகிறதோ அவ்வளவு காற்று வெளியே வரும். இங்கேதான் நம் ஊர்ச் சாப்பாடு நடுவில் வருகிறது.

செட்டிநாடு என்று போர்டு மாட்டிய ஓட்டல்களில் மிளகாயும் எண்ணெயும் மிதப்பதைப் பார்த்துவிட்டு, நம் சாப்பாட்டில் காரம்தான் வயிற்றுக்கு எதிரி என்று வெளியூர் டாக்டர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் நாம் தினசரி சாப்பிடும் தண்ணிக்குழம்புக்கும் வெண்டைக்காய் மண்டிக்கும் அப்படி ஒன்றும் காரம் கிடையாது. ஆத்தாவுக்கு எதிரி பலகாரம். வெள்ளைப் பணியாரம், குழிப்பணியாரம், இடியாப்பம், கந்தரப்பம், கவுனி அரிசி: ஒன்றுவிடாமல் மாவு. சாயங்காலம் நாலு மணிக்கு இடைப்பலகாரம் என்று இன்னொரு சுற்று. எட்டு மணிக்கு ராத்திரிப் பலகாரம், அதுவும் மாவு. கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லி, சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டு ஒரு கிண்ணம் சாப்பிடுகிறவர்களிடம் நான் வாதாடி ஓய்ந்துவிட்டேன்.

பலகாரத்தையே விடச் சொல்ல மாட்டேன், விடவும் மாட்டார்கள். ஒரு வேளைக்கு ஒரு மாவுப் பொருள் என்று வைத்துக்கொண்டு, மற்றதைப் பருப்பு, முட்டை, காய் என்று நிரப்பினால் வாயு கணிசமாகக் குறையும். வோக்ளிபோஸ் உள்ள மாத்திரையை முதல் கவளத்தோடு போட வேண்டும், சாப்பிட்டு அரை மணி கழித்துப் போட்டால் பாதி பயன் போய்விடும். அப்படியும் உப்புசம் அடங்காவிட்டால், இந்த ஒரு மருந்தை எடுத்துவிட்டு க்ளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரையில் ஒன்று தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிட்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் போன்றவை வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. சிட்டாக்ளிப்டினின் காப்புரிமை 2022-ல் முடிந்ததிலிருந்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது.

வோக்ளிபோஸ் போடுகிறவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கடையில் சொல்லிக் கொடுப்பது குறைவு. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் சீனியோ கருப்பட்டியோ வாயில் போட்டால் உடனே ஏறாது. அந்த இனிப்பை உடைக்கும் நொதியையும் சேர்த்துத்தான் இந்த மருந்து அடைத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும். மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். ஆத்தாவின் மாத்திரையில் க்ளிமிபிரைடும் இருப்பதால் இது அவசியம். வீட்டில் ஒரு டப்பா, கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இல்லாமல் இருக்காது. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, ஊறவைத்த வெந்தயம் இரண்டு ஸ்பூன், வேப்பங்கொழுந்து. இதற்கு மேல் மெட்ஃபார்மின் போனால் எந்தக் குடல் தாங்கும்? வெந்தயத்தைக் குழம்பிலும் தோசையிலும் போட்டுச் சாப்பிட்டால் போதும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பிஸ்கட், சாக்லேட் வகைகளையும் கவனியுங்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் சார்பிட்டால், மால்டிட்டால் கொஞ்சம் கூடினாலே பேதியாகும். பேரப்பிள்ளைகள் அன்பாக வாங்கி அனுப்புவது மாத்திரையின் தலையில் பழியாக விழுகிறது. ஓமத் தண்ணீர், சுக்கு, மோர் இவற்றால் கெடுதல் இல்லை.

காலையில் வெறும் வயிற்றில் "வாயு மாத்திரை" என்று பான்டாப்ரசோலைப் பல வருஷமாகப் போடும் வழக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது அமிலத்தைக் குறைக்கும், வோக்ளிபோஸால் வரும் வாயுவை ஒன்றும் செய்யாது. மெட்ஃபார்மினும் அதுவும் சேர்ந்து நாளடைவில் பி12 சத்தைக் குறைத்துவிடும், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை பி12 பார்த்துவிட்டால் நல்லது, குறைந்திருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. அதே சோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் தளர்ந்திருந்தால் கொடுக்கவே கூடாது. இரட்டை மாத்திரை போகும் வீட்டில் அது தெரியாமல் இருக்கக் கூடாது.

வாரம் ஒரு ஊசி பற்றிக் கேட்டீர்கள். செமாக்ளுடைடு, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செப்படைடு, இரண்டுமே நல்ல மருந்துகள். ஆனால் வயிற்றுத் தொல்லைக்குத் தப்பித்து அங்கே போனால், அங்கேயும் முதல் பக்க விளைவு வயிறுதான். இரைப்பை காலியாவதை அவை மெதுவாக்குகின்றன. குமட்டல், வாந்தி, சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல். குறைந்த அளவில் தொடங்கி, குறைந்தது நாலு வாரத்துக்கு ஒரு படி என்று ஏற்றுவது அதனால்தான். போடுகிறவர்கள் பாதி வயிற்றில் எழுந்துவிட வேண்டும், எண்ணெய்ப் பலகாரத்தை ராத்திரியில் தொடக் கூடாது. பந்தியில் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று உபசரிக்கும் நம் ஆச்சிமார் நடுவில் இதை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆத்தா குண்டாக இருந்து, டாக்டரும் எடை குறைய வேண்டும் என்றால் யோசிக்கலாம். ஏற்கெனவே ஒல்லியான உடம்பு என்றால் நான் அவசரப்பட மாட்டேன். அந்த ஊசி போடுகிறவர்கள் ஆபரேஷன் எதற்காவது போனால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்னமே சொல்லிவிட வேண்டும்.

எல்லா வயிற்றுப்போக்கும் மருந்தால் வருவது அல்ல. அளவை ஒழுங்குபடுத்திச் சில வாரம் ஆகியும் நிற்காவிட்டாலோ, தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருந்தாலோ, எடை இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, கறுப்பாகப் போனாலோ மாத்திரையைப் பழித்துக்கொண்டு உட்காரக் கூடாது. பல வருஷச் சர்க்கரையில் குடல் நரம்பே கெட்டுப்போகலாம், தைராய்டாக இருக்கலாம், வேறு நோயும் இருக்கலாம். மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுக்குப் பரவினால், அது கணைய வீக்கமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வாந்தியும் பேதியும் பலமாகி, குடித்த தண்ணீர்கூடத் தங்காத நாள் வந்தால் கணக்கு மாறுகிறது. அந்த நாளில் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்ந்தால் அந்த மருந்து தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறும், அரிதானாலும் ஆபத்தானது. சாப்பிடாமல் க்ளிமிபிரைடு போடுவதும் ஆபத்து. உடனே டாக்டருக்குப் போன் செய்து எதை நிறுத்துவது என்று கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. ஆத்தாவுக்கு எழுதியதில் இல்லை, ஆனால் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் போடுகிறவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் மூச்சு வாங்குவதும் வந்தால், மெஷினில் சர்க்கரை ரொம்பக் கூடாமல் இருந்தாலும் நம்பக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

பேதி நாளில் சர்க்கரை நோயாளி ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். குடிக்கலாம், குடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பாக்கெட் பவுடரை வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். அட்டைப்பெட்டியில் இனிப்பாக வரும் பானங்கள் அந்த வேலைக்கு ஆகாது. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் கூடவே போகலாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடக் கூடாது.

ஆவணிக் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மொத்த மெட்ஃபார்மினை முடிவு செய்து, எஸ்.ஆர்.க்கு மாற்றி, குறைந்த அளவில் மறுபடி தொடங்கினால் கல்யாணத்துக்குள் வயிறு அடங்க நேரம் கிடைக்கும். புது அளவுக்கோ புது மாத்திரைக்கோ மாறுவதைக் கல்யாண வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தி எப்போது போடுவார்கள் என்று தெரியாது, அதனால் மணி பார்த்து மாத்திரை போடாமல் இலையில் உட்கார்ந்த பிறகு போடச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது நீங்களும் போனில் இருங்கள், மாத்திரை விட்ட நாட்களை ஆத்தா சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை என்கிற எச்.பி.ஏ1சி அளவை, விட்ட நாட்கள் தெரிந்த பிறகு டாக்டர் படித்தால்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று சரியாக முடிவெடுக்க முடியும்.